மாறாத காந்தமும் மாமாவின் சுண்டுவிரலும்

ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு பதிவு. ஆணி அதிகம்னு சொன்னா யாரும் நம்பப் போறதில்லை, சோம்பேறித்தனம்தான். ஆனா போன வாரம் ஊருக்குப் போயிட்டு நெல்லை எக்ஸ்பிரஸ்ல திரும்பி வரும்போது ராத்திரி பூரா தூக்கமில்லை. மனசுல ஒரு கோபம். அதை இங்க கொட்டித் தீர்க்கலாம்னுதான் வந்திருக்கேன். வழக்கமான மொக்கை இல்லை, கொஞ்சம் நீளம். சக பதிவர்கள் சில பேருக்குக் கோபம் வரலாம். வரட்டும். பின்னூட்டப் பெட்டி திறந்துதான் இருக்கு :-)

ரெண்டு வருஷத்துக்கு முந்தின தீபாவளி சமயம். தச்சநல்லூர்ல எங்க மாமா வீட்டு முன்ரூம். மாமா மில்லுல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், சர்க்கரைக்கு மாத்திரை போடுறவர். அன்னிக்கு டை கட்டின ஒரு ஆள் வந்து ஒரு மெத்தையை விரிச்சு வச்சிருந்தார். காந்த மெத்தை. விலை ஒரு லட்சத்து இருபதாயிரம். தவணையிலயும் கட்டலாம், மூணு பேரைச் சேர்த்து விட்டா கமிஷனும் உண்டு. அவர் பேசினது எனக்கு இன்னும் வார்த்தை வார்த்தையா ஞாபகம் இருக்கு.

"சார், காந்தத்துக்குப் பக்கத்துல கண்டக்டர் இருந்தா கரண்ட் உண்டாகும். இது நான் சொல்லலை, பாரடே சொன்னது. நம்ம ரத்தத்துல இரும்பு இருக்கு. ராத்திரி பூரா இதுல படுத்தா ரத்தத்துல கரண்ட் உண்டாகி கணையம் தானா சார்ஜ் ஆயிடும். மாத்திரையே வேண்டாம்."

மாமா என் பக்கம் திரும்பினார். "மருமவனே, நீ கரண்டு படிச்சவம்லா. சார் சொல்லுதது சரிதானாடே?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாரடே விதின்னு ஒண்ணு இருக்கு மாமா..." அவ்வளவுதான். அதுக்கு மேல பேச்சு வரலை. ஏதோ தப்புன்னு உள்ளுக்குள்ள தோணுது, எது தப்புன்னு சொல்லத் தெரியலை. அந்த ஆளுக்கு அது போதுமா இருந்துச்சு. "பாத்தீங்களா சார், இஞ்சினியர் தம்பியே சொல்லிட்டாரு!"

மெத்தை வந்தது. மாத்திரை நின்னது. எட்டாவது மாசம் வலது கால்ல செருப்பு கடிச்ச ஒரு சின்னப் புண் ஆறாம, கறுத்து, கடைசியில சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. காந்தம் விரலை எடுக்கலை. மாத்திரையை நிறுத்தினதுதான் எடுத்துச்சு. மாத்திரையை நிறுத்த வச்சது ஒரு பொய். அந்தப் பொய்க்கு சாட்சிக் கையெழுத்து போட்டது நான்.

நான் ஈ.ஈ.ஈ. படிச்சவன். மின்காந்தவியல் பேப்பர்ல 87 மார்க். "கர்ல் ஈ ஈக்வல் டு மைனஸ் டோ பி பை டோ டி"ன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த ஒரு வரியிலயே பதில் இருக்கு மக்களே! கடைசியில வர்ற அந்த 'டோ டி'தான் பதில். காலத்தோட காந்தப்புலம் எவ்வளவு மாறுதுங்கறதுதான் அதோட அர்த்தம். மாறலைன்னா சைபர். சமன்பாடு சைபர்னு சொல்லுது, நான் "விதி இருக்கு"ன்னு சொல்லிட்டு வந்தேன். இதுக்குப் பேரு படிப்பா?

இந்த 'மாறணும்'ங்கற விஷயம் சாதாரணமா கிடைச்சதில்லை. 1825ல ஜெனிவாவில கொலாடன்னு ஒருத்தர் கிட்டத்தட்ட கண்டுபிடிச்சே இருப்பார். கம்பிச்சுருளுக்குள்ள காந்தத்தை நுழைச்சா கரண்ட் வருதான்னு பார்க்கணும். காந்தம் நேரடியா கால்வனாமீட்டர் முள்ளை அசைச்சிடக் கூடாதேன்னு, ரொம்ப கவனமா அந்த மீட்டரை இன்னொரு ரூம்ல வச்சார். கூட உதவிக்கு ஆள் இல்லை. காந்தத்தை உள்ள வச்சிட்டு, பக்கத்து ரூமுக்கு நடந்து போய்ப் பார்த்தா முள் சும்மா நிக்குது. முள் ஆடினது அவர் நடந்துக்கிட்டிருந்த அந்த சில நொடியிலதான்! காந்தம் அசையும்போது மட்டும் கரண்ட், நின்ன உடனே ஒண்ணுமில்லை.

ஆறு வருஷம் கழிச்சு, 1831 ஆகஸ்ட் 29ந் தேதி, லண்டன்ல பாரடே. புத்தகம் பைண்டிங் பண்ற கடையில எடுபிடியா வாழ்க்கையை ஆரம்பிச்ச மனுஷன், கணக்கு பெரிசா தெரியாது. ஒரு இரும்பு வளையத்துல ரெண்டு பக்கமும் தனித்தனியா கம்பி சுத்தினார். ஒரு பக்கம் பேட்டரி, இன்னொரு பக்கம் முள். பேட்டரியை இணைக்கும்போது முள் ஒரு துள்ளு துள்ளுது. அப்புறம் சும்மா நிக்குது. பேட்டரியை எடுக்கும்போது எதிர்ப்பக்கம் ஒரு துள்ளு. பேட்டரி பாட்டுக்கு ஓடிக்கிட்டு, காந்தம் அப்படியே இருக்கற நேரத்துல ஒண்ணுமே இல்லை. மின்தூண்டலோட மொத்த ரகசியமும் இதுதான். உங்க தெரு முனையில "உம்ம்ம்"னு முனகிக்கிட்டு நிக்குதே டிரான்ஸ்பார்மர், அது இந்த வளையத்தோட பேரப்பிள்ளை. 11,000 வோல்ட் பக்கத்துக்கும் நம்ம வீட்டுப் பக்கத்துக்கும் நடுவுல கம்பித் தொடர்பு கிடையாது. நொடிக்கு 50 சுற்று மாறிக்கிட்டே இருக்கற காந்தம்தான் கரண்டை இந்தப் பக்கம் கடத்துது. அதுல பேட்டரி கரண்டை விட்டுப் பாருங்க, முனகல் நிக்கும், சுருள் சூடேறும், இந்தப் பக்கம் ஒரு பல்பு கூட எரியாது.

இப்ப மெத்தைக்கு வருவோம். அன்னிக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்:

1. மெத்தையில காந்தம் தச்சு வச்சிருக்கு, அசையாது. மேல மாமா படுத்திருக்கார், அவரும் அசையாம குறட்டை விடுறார். எதுவும் மாறலை. கரண்ட் எங்கிருந்து வரும்?

2. "ரத்தம் ஓடுதே?"ன்னு விவரமான யாராவது கேப்பீங்க. நியாயமான கேள்வி. நிலையான காந்தப்புலத்துல கடத்தி ஓடினாலும் கொஞ்சம் மின்னழுத்தம் வரும்தான். கணக்குப் போடுவோம். ரொம்ப தாராளமா 0.01 டெஸ்லா புலம், 2 செ.மீ. அகலமான பெரிய ரத்தக்குழாய், நொடிக்கு 30 செ.மீ. வேகம். பெருக்கினா 60 மைக்ரோவோல்ட். இதயம் தானா துடிச்சே தோல் மேல ஆயிரம் மைக்ரோவோல்ட் அளவுக்கு காட்டுது, அதைத்தான் ஈ.சி.ஜி.யில பார்க்கறோம். ஒரு லட்சத்து இருபதாயிரம் கொடுத்து, உங்க இதயம் ஓசியில தர்றதுல பதினாறுல ஒரு பங்கு!

3. "ரத்தத்துல இரும்பு." இருக்கு. ஆனா ஹீமோகுளோபினுக்குள்ள கட்டுண்டு கிடக்கற இரும்பு அணு ஆணி மாதிரி காந்தத்துக்கு ஓடாது. ஆக்சிஜன் ஏறின ரத்தத்தை காந்தம் இழுக்கறதில்லை, ரொம்ப லேசா தள்ளத்தான் செய்யுது. எம்.ஆர்.ஐ. மெஷினோட காந்தம் 1.5 டெஸ்லா, நம்ம ஊர்ல பூமியோட காந்தப்புலத்தைவிட சுமார் 37,000 மடங்கு. காந்தம் ரத்தத்தை இழுக்கும்னா எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனவன் ஒருத்தனும் எந்திரிச்சு வந்திருக்க மாட்டான்.

4. மெத்தையைப் பிரிச்சு ஒரு காந்தத்தை எடுத்தேன். பிரிட்ஜ் கதவுல ஒட்டற காந்தத்தைவிட கொஞ்சம் பலம். ரெண்டு இஞ்ச் தள்ளி வச்சா குண்டூசியைக்கூட அசைக்கலை.

காந்தத்தால வைத்தியமே இல்லையான்னா, இருக்கு. 1985ல இங்கிலாந்துல ஷெஃபீல்டுல பார்க்கர் குழு, தலைக்கு வெளிய ஒரு சுருளை வச்சு மூளைக்குள்ள கரண்டைத் தூண்டிக் காட்டினாங்க. 2008ல அமெரிக்க அரசு மன அழுத்த நோய்க்கு அந்த முறையை அனுமதிச்சது. அதுவும் பாரடே விதிதான். ஆனா அங்க ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவான நேரத்துல காந்தப்புலம் டெஸ்லா கணக்குல ஏறி இறங்குது. மறுபடியும் அதே 'டோ டி'. அந்த மெத்தைக்காரர் அதை மட்டும் கழட்டிட்டு மிச்சத்தை வித்தார்.

இன்னொண்ணு, சர்க்கரை நோயைக் குணமாக்கும்னு விளம்பரம் பண்றதை 1954லயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கு. முன்ரூம்ல உக்காந்து காபி குடிச்சிக்கிட்டே சொன்னா யார் போய்க் கேக்கறது?

சரி, இதுல பதிவர்களுக்கு என்ன சம்பந்தம்? சொல்றேன்.

மாமா அந்த ஆளை நம்பினது ஒரே நாள்ல இல்லை. அதுக்கு முன்னாடி பல வருஷமா மண்ணைப் பதமாக்கி வச்சது நம்ம ஆளுங்கதான். "கோயிலும் விஞ்ஞானமும்"னு ஒரு பதிவு வருஷா வருஷம் ஆள் மாத்தி ஆள் போடறீங்களே, ஞாபகம் இருக்கா? கருவறைக்கு அடியில செப்புத் தகடு புதைச்சிருக்காம், அது பூமியோட காந்த அலையை இழுத்து வச்சிக்குமாம், பிரகாரம் சுத்தினா உடம்புல ஏறுமாம். வடக்க தலை வச்சுப் படுத்தா காந்தம் மூளையை இழுக்குமாம். இதெல்லாம் வாட்ஸப்ல மாமாவுக்குத் தினமும் காலை வணக்கத்தோட வந்தது. 'காந்தம்னா ஏதோ சக்தி, சும்மா பக்கத்துல இருந்தாலே உடம்புல ஏறும்'னு அவர் மனசுல படிஞ்சு போச்சு. மெத்தைக்காரர் வந்து அறுவடை பண்ணிட்டுப் போனார்.

செம்பைக் காந்தம் இழுக்காதுங்க. ஒரு செப்புக் குடத்துல காந்தத்தை ஒட்டிப் பாருங்க, தொப்புன்னு விழும். காந்தத்தைச் சேமிச்சு வைக்கவும் செம்பால முடியாது. எங்க ஆச்சி நெல்லையப்பர் கோயிலுக்குப் போனது அப்பனையும் ஆத்தாளையும் பார்க்க. போன் சார்ஜ் போடற மாதிரி காந்தம் ஏத்திக்கிட்டு வர இல்லை. சாமியைக் கும்பிட உங்களுக்கு விஞ்ஞானத்தோட சர்ட்டிபிகேட் எதுக்கு? அப்படி ஒரு போலி சர்ட்டிபிகேட் கொடுத்தா கோயிலுக்கும் மரியாதை இல்லை, பாரடேக்கும் மரியாதை இல்லை.

உங்களுக்குக் கோயிலும் காந்தமும் சேர்த்தே வேணும்னா, நிஜமான ஒண்ணைச் சொல்றேன். தச்சநல்லூர்ல இருந்து ஆத்தைத் தாண்டி, பாளையங்கோட்டை, கே.டி.சி. நகர் வழியா திருச்செந்தூர் ரோட்டுல போனா கிருஷ்ணாபுரம். வெங்கடாசலபதி கோயில் சிற்பங்களைப் பார்க்க எல்லாரும் போயிருப்பீங்க. அதே கிருஷ்ணாபுரத்துல இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தோட ஆய்வுக்கூடம் ஒண்ணு இருக்கு. எத்தனை பேருக்குத் தெரியும்? திருநெல்வேலியிலயே வளர்ந்த எனக்கு இருபத்தஞ்சு வயசு வரைக்கும் தெரியாது.

அங்க ஏன் வச்சாங்க? பூமியோட காந்த நடுக்கோடு நம்ம ஊருக்கு ரொம்பப் பக்கத்துல போகுது. காந்த ஊசியைத் தொங்கவிட்டா இங்க கிட்டத்தட்ட படுத்தே கிடக்கும். அந்தக் கோட்டுக்கு மேல, சுமார் 105 கி.மீ. உயரத்துல, பகல் நேரத்துல மேற்கிலிருந்து கிழக்கா ஒரு மின்சார ஆறே ஓடுது. பல்லாயிரம் ஆம்பியர். 1922ல பெரு நாட்டுல ஹுவாங்காயோவில அளக்க ஆரம்பிச்சபோது அதோட தடயம் கிடைச்சது, 1951ல சிட்னி சாப்மன் அதுக்கு 'எலக்ட்ரோஜெட்'னு பேர் வச்சார். நம்ம ஊர்ல பூமியோட காந்தப்புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. மத்தியான வெயில் உச்சியில அது 50லிருந்து 100 நானோடெஸ்லா வரைக்கும் கூடும், சாயங்காலம் இறங்கிடும். திருநெல்வேலி அளவுல இருந்து மகாராஷ்டிராவில இருக்கற அலிபாக் அளவைக் கழிச்சா அந்த ஆத்தோட பலம் கிடைக்கும். அலிபாக் நிலையத்துக்கே ஒரு கதை உண்டு. முதல்ல பம்பாய் கொலாபாவிலதான் அளந்தாங்க. மின்சார டிராம் வரப்போகுது, அந்தக் கரண்ட் அளவையைக் கெடுத்திடும்னு 1904ல அலிபாக்குக்கு மாத்தினாங்க.

இப்ப விஷயம் இங்கதான். வானத்துல அந்த ஆறு தினமும் ஏறி இறங்கறதால கீழ காந்தப்புலம் மாறுது. மாறினா? ஆமா, கரண்ட்! நம்ம கால்களுக்குக் கீழ பூமியிலயும், உப்புத்தண்ணி நல்ல கடத்திங்கறதால கடல்லயும் தூண்டப்பட்ட மின்சாரம் ஓடுது. தென்னிந்தியாவோட முனையில காந்த அளவுகள் விசித்திரமா இருக்கறதை 1970கள்ல ஆராய்ஞ்சவங்க, சுத்தியிருக்கற கடல்லயும் நமக்கும் இலங்கைக்கும் நடுவுல பாக் நீரிணைப் பக்கமும் இந்தத் தூண்டல் மின்சாரம் ஒதுங்கிப் பாயறதைக் காரணமாச் சொன்னாங்க. சூரியன் கோபப்படற நாள்ல இது விளையாட்டு இல்லை. 1989 மார்ச் 13ல கனடாவில கியூபெக் மாகாணமே காந்தப் புயலால ஒன்றரை நிமிஷத்துல இருட்டாகி, 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் கரண்ட் இல்லாம இருந்தாங்க.

செப்புத் தகடு கதையைவிட இது எத்தனை மடங்கு பெரிய அதிசயம்! இதை எழுத நமக்கு ஆள் இல்லை. போலிக் கதைக்கு மட்டும் நூறு பேர்.

அடுத்து பகுத்தறிவுப் பதிவர்கள். சிரிக்காதீங்க அண்ணாச்சி, உங்களுக்கும் இருக்கு. மெத்தை, கோயில் காந்தம் எல்லாத்துக்கும் நீங்க போட்ட பதிவைப் படிச்சேன். "மூடநம்பிக்கை", "முட்டாள்கள்", "எப்பத்தான் திருந்துமோ இந்த சமூகம்". ஏன் தப்புன்னு ஒரே ஒரு வரி? கிடையாது. 'மாறினாத்தான் கரண்ட்'னு ஒரு வரி இருந்திருந்தா மாமாவுக்குப் புரிஞ்சிருக்கும். மில்லுல மோட்டாரோட முப்பது வருஷம் குப்பை கொட்டினவர் அவர். திட்டினா யாருக்கும் எதுவும் புரியாது. திட்டினவனும் என்னை மாதிரியே 'விதின்னு ஒண்ணு இருக்கு'ங்கற அளவுலதான் இருக்கான்னு எனக்கு ஒரு சந்தேகம்.

மூணாவது கோஷ்டிதான் பெருசு. நாம. படிச்சும் வாயைத் திறக்காதவங்க. பேங்க் கோடு எழுதறோம், ஸ்டாக் மார்க்கெட் பேசறோம், சினிமா விமர்சனத்துக்கு ரெண்டாயிரம் வார்த்தை எழுதறோம். தெரிஞ்ச விஷயத்தை வீட்டு முன்ரூம்ல சொல்லத் தெரியலை.

போன வாரம் அதுக்குத்தான் போனேன். ஏ.சி. மெக்கானிக் ஒருத்தர்கிட்ட ஒரு மீட்டர் காப்பர் பைப் வாங்கினேன். உள்ள லேசா உரசாம நுழையற அளவுக்கு ஒரு சின்ன நியோடிமியம் காந்தம். மாமா முன்னாடி முதல்ல ஒரு சின்ன நட்டை உள்ள போட்டேன், "டொக்"னு உடனே கீழ விழுந்துச்சு. அப்புறம் காந்தம். ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... மாமா குனிஞ்சு பைப்புக்குள்ள எட்டிப் பார்த்தார். அப்புறமாத்தான் மெதுவா வெளிய வந்துச்சு. "என்னடே இது, எண்ணெய்க்குள்ள போட்ட மாதிரி வருது? செம்பைத்தான் காந்தம் இழுக்காதே?"

இழுக்காது. ஆனா காந்தம் கீழ இறங்கும்போது பைப்போட ஒவ்வொரு இடத்துலயும் புலம் மாறுது. மாறினதால செம்புக்குள்ள கரண்ட் சுத்துது. அந்தக் கரண்டோட காந்தம், விழற காந்தத்தைப் பிடிச்சு நிறுத்தப் பார்க்குது. 1834ல லென்ஸ் சொன்ன எதிர்ப்பு விதி. காந்தம் நின்னா கரண்டும் நின்னுடும், அதனால முழுசா நிக்கவும் விடாது. இதைச் சொல்லிட்டு, காந்தத்தைப் பைப் மேல சும்மா வச்சேன். உருண்டு விழுந்துச்சு. "இப்ப ஒண்ணும் மாறலை மாமா. அதான் ஒண்ணும் நடக்கலை. மெத்தையும் இப்படித்தான்."

மாமா காந்தத்தை வாங்கி நாலஞ்சு தடவை போட்டுப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசலை. அத்தை காபி கொண்டாந்து வச்சா, அது ஆறிப்போச்சு. பொறவு என்னைப் பார்த்து மெதுவாத்தான் கேட்டார். கோபமாக் கேட்டிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

"இதை ஏம்டே அன்னைக்கே சொல்லலை?"

மக்களே, என்கிட்ட பதில் இல்லை. உங்ககிட்ட இருந்தா சொல்லுங்க.

என் வேண்டுகோள் ஒண்ணுதான். படிச்ச படிப்புல ஒரே ஒரு விஷயத்தை, உங்க மாமாவுக்கோ சித்திக்கோ புரியற மாதிரி ஒரு பதிவு எழுதுங்க. டிரான்ஸ்பார்மரோ, தடுப்பூசியோ, இன்சுலினோ, எதுவோ. சமன்பாடு வேண்டாம். எழுதி முடிச்சதும் அவங்ககிட்ட வாசிச்சுக் காட்டுங்க. அவங்க திருப்பிக் கேக்கற முதல் கேள்விக்குப் பதில் தெரியலைன்னா, அது நாம படிக்காத பாடம்னு அர்த்தம்.

பி.கு. 1: மாமா இப்ப ஒழுங்கா மாத்திரை போடுறார். சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கு. மெத்தையில இப்ப தூங்கறது எங்க வீட்டு நாய். அதுக்குச் சர்க்கரை இல்லை :-)

பி.கு. 2: பாரடே 1832ல லண்டன் வாட்டர்லூ பாலத்துல தாமிரக் கம்பியைப் போட்டு, தேம்ஸ் ஆத்து ஓட்டத்துல பூமியோட காந்தத்தால கரண்ட் வருதான்னு பார்த்துத் தோத்தார். நம்ம சுலோசன முதலியார் பாலத்தை அந்தப் பாலத்தைப் பார்த்துத்தான் கட்டினாங்கன்னு ஊர்ல சொல்வாங்க. தாமிரபரணியில அதையே செஞ்சு பார்க்கலாமான்னு யாரும் கிளம்பிடாதீங்க. ஆத்துல கரண்ட் வர செங்குத்தான புலம் வேணும், நம்ம ஊர்ல அது ரொம்பக் கம்மி. ஏன்னு மேல பதிவுலயே சொல்லியாச்சு. கண்டுபிடிச்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. அடுத்த தடவை நெல்லை வரும்போது அல்வா என் செலவு.